வெளிநாட்டு ஆசிரியர் பரிமாற்றம்: போய்வந்தவர்கள் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்

#1 எட்டாம்வகுப்பு_பி
வணக்கம். கணக்கு டீச்சர், பதினோரு வருஷ சர்வீஸ். வெளிநாட்டுப் பள்ளி ஆசிரியர்களுக்காக அமெரிக்க அரசு நடத்தும் ஃபுல்பிரைட் டி.இ.ஏ. திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசிக்கிறேன். ஆறு வாரம் அமெரிக்கா. ஒரு பல்கலைக்கழகத்தில் வகுப்பு, கூடவே பக்கத்துப் பள்ளியில் ஒரு கூட்டாளி ஆசிரியரோட வகுப்பறையில் வேலை. ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். பாதிப் பேர் "நல்லா சுத்திப் பார்த்துட்டு வாங்க" என்றார்கள், மீதிப் பேர் "வந்தா இன்க்ரிமென்ட் உண்டா" என்று கேட்டார்கள். வகுப்பில் ஏதாவது மாறுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. போய்வந்தவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்: நிஜமாகவே நீங்கள் பாடம் நடத்துவது மாறியதா?

நோக்கக் கட்டுரைக்கு முதல் வரி இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "உலகத்தரம் வாய்ந்த கற்பித்தல் முறைகளைக் கற்று, என் மாணவர்களை இருபத்தோராம் நூற்றாண்டுக்குத் தயார்படுத்த விரும்புகிறேன்." சரியா இருக்கா?

#2 சாக்பீஸ்தூள்
இருபத்தாறு வருஷமா பார்க்கிறேன்மா. போனவங்க எல்லாரும் திரும்பி வந்து மூணு சேதி சொல்வாங்க. அங்கே கிளாஸில் இருபது பேர்தான். பிள்ளைங்க கையைத் தூக்கிக் கேள்வி கேக்குது. லைப்ரரியில் சோஃபா போட்டிருக்கான். இதுக்கு எதுக்கு விமானம் ஏறணும்?

ஃபுல்பிரைட்டையே எடுத்துக்கோங்க. 1946-ல் ஆரம்பிச்சது. உலகப் போர் முடிஞ்சு வெளிநாடுகளில் குவிஞ்சு கிடந்த அமெரிக்க ராணுவத்தின் உபரிச் சாமானை வித்த காசுதான் முதல் முதலீடு. நோக்கம், நாடுகளுக்கு நடுவே ஒரு புரிதல் வரணும்ங்கிறது. ஜப்பானில் ஜெட் திட்டம் 1987-ல் வந்தப்போ 4 நாடுகளிலிருந்து 848 பேரைக் கூட்டிட்டுப் போனாங்க, பெரும்பாலும் வகுப்பறையில் ஆங்கிலத்துக்குத் துணையா நிக்கிறதுக்கு. அதிலும் நாட்டுக்கு நாடு உறவுதான் பெரிய விஷயம். தப்புன்னு சொல்லலை. அரசாங்கங்கள் நட்பு வளர்க்குது, நாம அதுக்குப் பணித்திறன் மேம்பாடுன்னு பேர் வெச்சுக்கிறோம், அவ்வளவுதான்.

#3 சிவப்புமை
எட்டாம்வகுப்பு, அந்த முதல் வரியை அடித்துவிடுங்கள். ஒருமுறை தேர்வுக் குழுவில் உட்கார்ந்து இப்படிப்பட்ட விண்ணப்பக் கட்டு ஒன்றைப் படித்திருக்கிறேன். 'உலகத்தரம்' வந்த இடமெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டேன், கட்டு முடிவதற்குள் பென்சில் மழுங்கிவிட்டது. உலகத்தரம் என்று எழுதும்போது நீங்கள் எதையும் கேட்கவில்லை. கேட்காதவருக்கு அங்கே போனாலும் எதுவும் கண்ணில் படாது.

உங்கள் பாடத்தில் வருஷா வருஷம் பிள்ளைகள் இடறி விழும் இடம் ஒன்று இருக்கும். எந்த அலகு, நோட்டில் என்ன எழுதுகிறார்கள், அதற்கு நீங்கள் இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள்? அதை எழுதுங்கள்.

#4 எட்டாம்வகுப்பு_பி
அது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயர். சதுரம் வரைஞ்சு, நாலு துண்டா வெட்டி, கையில் கொடுத்து ஒட்டச் சொல்லிக்கூடப் பார்த்தாச்சு. சூத்திரம் கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். ரெண்டு வாரம் கழித்துப் பரீட்சையில் ஏ ஸ்கொயர் ப்ளஸ் பி ஸ்கொயர். நடுவில் இருக்க வேண்டிய 2ஏபி மாயம். வேடிக்கை என்னன்னா 3 ப்ளஸ் 4 ஹோல் ஸ்கொயர் என்றால் அதே பிள்ளை சரியா 49 போடும், 25 போடாது. எண் போய் எழுத்து வந்ததும் எல்லாம் கவிழ்ந்துவிடுகிறது.

ஆனால் இதை எழுதினால் ரொம்பச் சின்ன விஷயமாத் தெரியாதா சார்?

#5 சிவப்புமை
இதுதான் உங்கள் விண்ணப்பம். ஒரு சொல்லும் மாற்றாதீர்கள். (நான் சார் இல்லை, டீச்சர்.)

#6 பலகைஓரம்
சாக்பீஸ் சார் சொன்ன மூணு சேதியையும் நானும் முதல் மாசம் வீட்டுக்குப் போனில் சொல்லியிருக்கேன், ஒத்துக்கிறேன். 😀 ஆனால் நான் போனது ஒன்றரை வருஷம். ஜப்பான் அரசு பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கென்றே ஒரு உதவித்தொகை தருகிறது. ஐந்து வருஷ சர்வீஸ் வேணும், 35 வயசுக்குள் இருக்கணும். போனதும் மொழிப் பயிற்சி, அப்புறம் ஒரு பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறையில் இடம். கண்ணில் பட்டதெல்லாம் புதுசா இருந்த மாசங்கள் கழிந்து, எல்லாம் பழகி அலுத்த பிறகுதான் நான் வகுப்பைப் பார்க்கவே ஆரம்பிச்சேன்.

அங்கே 'ஜுக்யோ கென்க்யூ' என்று ஒரு வழக்கம். பாட ஆய்வு என்று சொல்லலாம். ஒரு பாடத்தை நாலைந்து ஆசிரியர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார். மற்றவர்கள் சுவரோரம் நிற்பார்கள். நான் முதல் தடவை நின்றபோது பழக்கதோஷத்தில் ஆசிரியரையே பார்த்துக் குறிப்பெடுத்தேன். பக்கத்தில் நின்றவர் என் கையில் ஒரு தாளைத் திணித்தார். இருக்கை வரைபடம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பிள்ளையின் பெயர். சுற்றிப் பார்த்தால் எல்லாருடைய கண்ணும் பிள்ளைகளின் நோட்டில். யார் எந்த நிமிஷம் எழுதியதை அழித்தான், யார் பக்கத்து நோட்டை எட்டிப் பார்த்தாள் என்றெல்லாம் அந்தக் கட்டத்தில் எழுதுகிறார்கள். நடத்துகிறவர் கையைக் கட்டிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே நடப்பார். சும்மா நடக்கிறார் என்று நினைத்தேன். யாரை எந்த வரிசையில் பலகைக்குக் கூப்பிடுவது என்று மனசில் அடுக்கிக்கொண்டிருக்கிறார்!

பாடத் திட்டத்தில் ஒரு பத்தி முழுக்க 'பிள்ளைகள் சொல்லக்கூடிய விடைகள்'. தப்பு விடைகள் உட்பட. நான் அதுவரை எழுதிய திட்டங்களில் 'ஆசிரியர் செயல்பாடு, மாணவர் செயல்பாடு' என்று இருக்கும், மாணவர் செயல்பாட்டுக்கு நேரே 'கவனிப்பர்' என்று எழுதுவேன். எத்தனை நூறு முறை 'கவனிப்பர்' எழுதியிருப்பேனோ.

#7 சாக்பீஸ்தூள்
அழகா இருக்கு பலகைஓரம், கைதட்டிட்டேன். ஆனா அந்த நாலைந்து ஆசிரியருக்கு வாரக்கணக்கில் உட்கார நேரம் யாரு கொடுத்தா? அதுதான் என் கேள்வி.

இங்கிலாந்துக்காரன் வெளிநாட்டு முறையைக் கொண்டுவந்து பார்த்தான். பல நாட்டுப் பதினைஞ்சு வயசுப் பிள்ளைங்களை ஒப்பிடுற பிசா தேர்வில் ஷாங்காய் 2009-லும் 2012-லும் கணக்கில் முதலிடம் வாங்கினதும், 2014-லிருந்து ஆசிரியர்களை ரெண்டு பக்கமும் அனுப்பினாங்க. இவங்க அங்கே போய் பார்க்கிறது, அவங்க இங்கே வந்து நடத்திக் காட்டுறது. நல்ல பெரிய திட்டம். ஷெஃபீல்ட் ஹாலம் பல்கலைக்கழகம் சில வருஷம் தொடர்ந்து மதிப்பிட்டு 2019-ல் அறிக்கை கொடுத்தது. தொடக்கப் பள்ளி முடிக்கிற பதினோரு வயசுப் பிள்ளைங்க மதிப்பெண்ணில் மற்ற பள்ளிகளைவிட முன்னேற்றம்னு காட்ட முடியலை. ஏழு வயசுப் பிள்ளைங்ககிட்ட, அதுவும் முறையை உள்ளபடி மாத்தின பள்ளிகளில், கொஞ்சம் நல்ல அறிகுறி.

ஏன்? ஷாங்காயில் தொடக்கப் பள்ளியிலேயே கணக்குக்குத் தனி ஆசிரியர். நாளைக்கு ரெண்டு பாடவேளைதான், ஒண்ணு முப்பத்தஞ்சு, நாப்பது நிமிஷம். மீதி நேரம் நோட்டு திருத்துறது, அன்னைக்கு விட்டுப்போன பிள்ளையை அன்னைக்கே கூப்பிட்டு உட்காரவெச்சுச் சொல்லிக்கொடுக்கிறது, சக ஆசிரியரோட சேர்ந்து திட்டமிடுறது. இங்கிலாந்து தொடக்கப் பள்ளி ஆசிரியர் காலையிலிருந்து மாலை வரை எல்லாப் பாடமும் நடத்தணும். முறையை விமானத்தில் ஏத்தலாம், கால அட்டவணையை ஏத்த முடியாது.

#8 பலகைஓரம்
கால அட்டவணை பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. நான் திரும்பி வந்து பாட ஆய்வு ஆரம்பிக்கலாம் என்று மூன்று பேரைச் சேர்த்தேன். எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வுப் பாடவேளை வாரத்தில் ஒன்றுகூட இல்லை. ஒரு பருவத்தில் இரண்டு பாடம் செய்தோம், அப்புறம் ஒருவருக்கு மாறுதல் வந்தது, அத்துடன் நின்றது.

ஆனால் 'கவனிப்பர்' என்று எழுதுவதை நிறுத்திவிட்டேன். அதற்கு யாருடைய ஓய்வுப் பாடவேளையும் தேவைப்படவில்லை.

#9 பனிக்காலப்பள்ளி
ஐரோப்பாவில் வேலை பார்க்கிறேன், ஐரோப்பிய ஒன்றியத்தின் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸ் பற்றி ரெண்டு வார்த்தை. இங்கே பள்ளி ஆசிரியருக்கு மூன்று வழி. வேறு நாட்டுப் பள்ளியில் போய் ஒரு ஆசிரியர் பின்னாலேயே இருந்து பார்ப்பது, 2 நாளிலிருந்து 60 நாள் வரை. அங்கேயே பாடம் நடத்துவது, ஒரு வருஷம் வரைகூட. மூன்றாவது, ஏதாவது பயிற்சி வகுப்பில் சேர்வது. இந்த மூன்றாவதில்தான் சாக்பீஸ் சார் சொல்கிற சுற்றுலா ஒளிந்திருக்கிறது. பயிற்சி நடத்தும் தனியார் ஆட்கள் நல்ல வெயில் அடிக்கிற கடற்கரை ஊராகப் பார்த்து வைப்பார்கள். ஒருமுறை நானும் போனேன். ஐந்து நாள், பன்னிரண்டு நாட்டு ஆசிரியர்கள், சுவரெல்லாம் ஒட்டும் காகிதம், கடைசியில் சான்றிதழ். அந்த நாட்டு வகுப்பறை ஒன்றைக்கூடப் பார்க்காமல் திரும்பினேன்! வெயில் நன்றாக இருந்தது.

அடுத்த வருஷம் ஒன்பது நாள் ஒரு ஆசிரியர் பின்னாலேயே நடந்தேன். மொழி அரைகுறை. அதனாலேயே அவர் என்ன சொல்கிறார் என்பதை விட்டுவிட்டு எப்போது வாயை மூடுகிறார் என்று பார்த்தேன். ஒன்பது நாளில் கிடைத்தது அந்த ஐந்து நாளில் கிடைக்கவில்லை. குறைந்த நாள் கிடைத்தாலும் பரவாயில்லை, ஒரே வகுப்பில் இருங்கள். நாளுக்கொரு பள்ளி என்று பேருந்தில் ஏற்றினால் தலைமையாசிரியர் அறைகளைத்தான் பார்ப்பீர்கள்.

#10 விடுப்புவிண்ணப்பம்
எல்லாரும் நல்ல திட்டங்களைப் பேசுறீங்க. 'பரிமாற்றம்' என்ற பெயரில் ஆள் எடுக்கும் வியாபாரமும் இருக்கு, புதுசா வர்றவங்களுக்காக எழுதறேன். அமெரிக்காவின் ஜே-1 விசாவில் ஆசிரியர் பிரிவு என்று ஒன்று உண்டு. பட்டம், ரெண்டு வருஷ அனுபவம் இருந்தால் மூன்று வருஷம் வரை முழுநேர ஆசிரியராகப் பணி செய்யலாம், இன்னும் ரெண்டு வருஷம் வரை நீட்டிக்கவும் வழி உண்டு. சட்டத்தில் அது கலாச்சாரப் பரிமாற்றம். நடைமுறையில் பல பள்ளிகளுக்கு அது ஆசிரியர் பற்றாக்குறைக்கு மருந்து. நடுவில் ஏஜென்ட்.

என்கிட்ட ஒருத்தர் பேசினார். முதலில் பதிவுக் கட்டணம், அப்புறம் 'ஆவணச் சரிபார்ப்பு', அப்புறம் நேர்காணலுக்கு என்று தனியாக. நேர்காணலில் எந்தப் பள்ளி, எந்த வகுப்பு என்று கேட்டதுக்குப் பதில் வரலை. மூணாவது கட்டணத்தோட நான் நிறுத்திக்கிட்டேன், கட்டின ரெண்டும் போனதுதான். ஏஜென்ட் யாராக இருந்தாலும் விசாவுக்கான ஸ்பான்சர் யார் என்று கேளுங்க. அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஸ்பான்சர்களின் பட்டியல் எல்லாரும் பார்க்கிற மாதிரி இணையத்திலேயே இருக்கு. பெயர் அதில் இல்லையென்றால் பேச்சை முடிச்சுக்கலாம்.

இன்னொண்ணு. அரசாங்கப் பணத்தில் ஜே-1-ல் போனால் பொதுவா முடிஞ்சதும் ரெண்டு வருஷம் சொந்த நாட்டில் இருந்தாகணும், அதுக்கு அப்புறம்தான் அங்கே வேலை விசாவோ நிரந்தர வசிப்புரிமையோ கேட்க முடியும். எட்டாம்வகுப்பு, உங்களுக்கு அந்த எண்ணம் இல்லைன்னு தெரியுது, இருந்தாலும் கையெழுத்துப் போடுமுன் அந்தப் பத்தியைப் படிச்சிடுங்க.

#11 நடுவரிசை
போகாதவள் ஒருத்தி பேசலாமா? கைக்குழந்தை, வயசான மாமியார், ஆறு வாரம் என்பதெல்லாம் எனக்குக் கனவு. ஆனால் எங்கள் பள்ளிக்கு ஒரு வெளிநாட்டு ஆசிரியை வந்து மூன்று வாரம் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

முதல் ரெண்டு நாள் நான் நடத்தியது பாடமே இல்லை, நாடகம். மூன்றாம் நாள் சோர்ந்துபோய் வழக்கம்போல நடத்தினேன். அன்று மாலை அவர் கேட்டார்: "மூன்றாவது வரிசைக்கு இந்தப் பக்கம் நீங்கள் வருவதே இல்லையே, ஏதாவது காரணமா?" எனக்குச் சுருக்கென்றது. காரணம் எதுவும் இல்லை. பலகை, மேசை, முன் ரெண்டு வரிசை, அதுதான் என் நடமாட்டம், அப்படியே பதினாலு வருஷம் ஓடிவிட்டது. ஆய்வுக்கு வரும் அதிகாரி இதைச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். அந்த அம்மா என்னைப் பற்றி யாருக்கும் எதையும் எழுதப்போவதில்லை. அதனால் உண்மையைச் சொன்னேன்.

இந்த இழையில் எல்லாரும் போவதைப் பற்றியே பேசுகிறீர்கள். வருகிறவரை வாசலில் மாலை போட்டு வரவேற்று, கலைநிகழ்ச்சி காட்டி அனுப்பிவிடுகிறோம், ஒரு பாடம் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்பதில்லை.

#12 பனிக்காலப்பள்ளி
நடுவரிசைக்குப் பெரிய வணக்கம். போக முடியாதவர்களுக்காக 2005-லேயே இங்கே இ-ட்வின்னிங் தொடங்கினார்கள். ரெண்டு நாட்டு வகுப்புகள் இணையத்திலேயே சேர்ந்து ஒரு வேலை செய்வது. நேர வித்தியாசமும் பரீட்சை அட்டவணையும் படுத்தும் பாடு தனிக்கதை. ஆனால் ஒரே கணக்கை ரெண்டு வகுப்பும் போட்டு, நோட்டுகளைப் படமெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்புவது மட்டும் எப்போதும் வேலை செய்கிறது.

#13 எட்டாம்வகுப்பு_பி
ரொம்ப நாள் கழித்து இந்த இழையைத் தோண்டி எடுக்கிறேன், மன்னிக்கவும். விண்ணப்பத்தில் ஹோல் ஸ்கொயர் கதையைத்தான் எழுதினேன் சிவப்புமை டீச்சர். கிடைத்தது. போய்வந்தேன்.

நீளமா எழுதப் போறேன்.

என் கூட்டாளி ஆசிரியை வகுப்பைத் தினமும் ஒரே மாதிரிதான் தொடங்குவார். பலகையில் ஒரு கணக்கு. எல்லாரும் ஒரு சின்ன அட்டையில் போட்டுக் கொடுக்கணும். வாங்கிக்கொண்டே நடந்து, கையிலேயே ரெண்டு கட்டாகப் பிரிப்பார்: சரி, தப்பு, சரி, சரி, தப்பு. தப்புக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து, தன் கையெழுத்தில் வேறொரு தாளில் எழுதி எல்லாருக்கும் காட்டுவார். யாருடையது என்று தெரியாது. இன்றைக்கு எனக்கு ரொம்பப் பிடித்த தப்பு இது, என்பார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இதில் சரியாக இருப்பது என்ன? அதை முடித்த பிறகுதான் எங்கே வழுக்கியது என்று போவார்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, எக்ஸ் ப்ளஸ் 5 ஹோல் ஸ்கொயர். அவர் எடுத்துக் காட்டிய தப்பு: எக்ஸ் ஸ்கொயர் ப்ளஸ் 25. நான் பின்னால் உட்கார்ந்து சிரித்துவிட்டேன். இவ்வளவு தூரம் வந்தது இதைப் பார்க்கவா! எல்லாரும் சும்மா இருந்தார்கள். டீச்சரும் சும்மா நின்றார். ஒரு பையன், எக்ஸுக்கு 1 போட்டுப் பார்த்தேன், இந்தப் பக்கம் 36, அந்தப் பக்கம் 26, பத்து குறையுது என்றான். பத்து எங்கே போச்சு என்று இன்னொருத்தி. 2 போட்டால் இருபது குறையுது என்று வேறொருவன். குறைவது 10 எக்ஸ் என்று அவர்களே வந்து சேர்ந்தார்கள். நடுவில் அவர் சொன்னது மொத்தமா நாலு வார்த்தை இருக்கும்.

சொர்க்கம் என்று நினைக்காதீர்கள். மூணு வாரம் கழித்து வைத்த தேர்வில் அந்த வகுப்பிலும் சிலர் எக்ஸ் ஸ்கொயர் ப்ளஸ் பாக்கி கதைதான் எழுதியிருந்தார்கள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு மறுநாளும் அதையே எடுத்துப் போட்டார்.

அடுத்து என் மானம் போன கதை. நானும் ஒரு பாடம் நடத்தினேன். அவரிடம் பார்த்துக் குறிப்பெடுக்கச் சொன்னேன் (நடுவரிசை, உங்கள் பதிவுதான் காரணம்). நல்லா நடத்தியதாகத்தான் நினைத்தேன். அவர் கொடுத்த தாளில் நான் கேட்ட கேள்விகள் வரிசையாக, பக்கத்தில் எண்கள். 0.8. 1. 0.5. என்ன இது என்றால், கேள்வி கேட்ட பிறகு நான் காத்திருந்த வினாடிகள்! அதற்குள் நானே பதில் சொல்லிவிடுகிறேன் அல்லது முதலில் கை தூக்கியவளைக் கூப்பிட்டுவிடுகிறேன். பல்கலைக்கழக வகுப்பில் பிறகு சொன்னார்கள், இது என் வியாதி மட்டும் இல்லையாம். 1970-களிலேயே மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்புகளைப் பதிவு செய்து அளந்திருக்கிறார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவுதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று வினாடி ஆக்கினாலே பிள்ளைகளின் பதில் நீளுகிறது, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று. மூணு வினாடி எவ்வளவு நீளம் என்று நாளைக்கு வகுப்பில் வாயை மூடிக்கொண்டு எண்ணிப் பாருங்கள். வியர்க்கும்.

திரும்பி வந்ததும் பள்ளியில் அறிக்கை கேட்டார்கள். இருபது பக்கம் கொடுத்தேன், பீரோவுக்குள் போயாச்சு. ஸ்டாஃப் மீட்டிங்கில் ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்கள். லைப்ரரி சோஃபா படம் வந்தபோதுதான் எல்லாரும் நிமிர்ந்தார்கள். சாக்பீஸ் சார், உங்களை நினைத்துக்கொண்டேன்.

#14 சாக்பீஸ்தூள்
😂 சோஃபா ஜெயிச்சிடுச்சா!

0.8 கதை நல்லா இருந்ததுமா. இன்னைக்கு ஒன்பதாம் வகுப்பில் எண்ணிப் பார்த்தேன். மூணு வரைக்கும் போக முடியலை, ரெண்டிலேயே வாய் திறந்திடுச்சு. சரி, உங்க வகுப்புக்கு வருவோம். பிடிச்ச தப்பு இங்கே ஓடுதா?

#15 எட்டாம்வகுப்பு_பி
பாதி ஓடுது. அங்கே இருபத்தி நாலு அட்டை, அவர் நடந்துகொண்டே பிரித்தார். எனக்கு நாற்பத்தாறு அரைத்தாள். பிரித்து முடிப்பதற்குள் வகுப்பு சந்தையாகிவிடுகிறது. முதல் வாரம் பன்னிரண்டு நிமிஷம் அதிலேயே போச்சு. போன வாரத்திலிருந்து தினம் ஒரு வரிசை மட்டும் தாள் கொடுக்கிறது, மற்றவர்கள் நோட்டில் போடுகிறார்கள். இப்போது நாலு நிமிஷம்.

இன்னொரு தொல்லை. நான் என் கையெழுத்தில் மாற்றி எழுதினாலும் யாருடைய தப்பு என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஒரே வரிசை என்பதால் எட்டுப் பேரில் ஒருத்தர்தானே. ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டாள்.

#16 நடுவரிசை
வரிசையாக வாங்காதீர்கள். வருகைப் பதிவேட்டு எண் ஒற்றைப்படை ஒரு நாள், இரட்டைப்படை ஒரு நாள் என்று மாற்றிப் பாருங்கள். அப்போது இருபத்து மூன்று பேரில் ஒருத்தர், அதுவும் நாலு மூலையிலும் பரவி இருப்பார்கள்.

#17 பலகைஓரம்
அல்லது உங்கள் சொந்தத் தப்பு ஒன்றையும் நடுநடுவே கலந்துவிடுங்கள். தாளில் வராத தப்பை நீங்களே எழுதிப் போட்டால், யாருடையது என்று தேடிக் களைத்துவிடுவார்கள்.

#18 எட்டாம்வகுப்பு_பி
ரெண்டையும் திங்கள்கிழமை செய்து பார்க்கிறேன். ஒற்றைப்படையில் ஆரம்பம். பலகைஓரம், அந்த இருக்கை வரைபடத் தாளின் மாதிரி இருந்தால் இங்கே போடுங்களேன். ஓய்வுப் பாடவேளையில் எங்கள் அறிவியல் டீச்சர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.